புக்கான்சான் ஏற ஷூவை வாடகைக்கு எடுங்கள்

சியோலில் இருப்பவர்கள் வசந்த காலத்தில் ஒரே ஒரு தடவை நகரின் வடக்கே உள்ள புக்கான்சான் மலையில் ஏறுவதற்காக ட்ரெக்கிங் ஷூ வாங்க வேண்டாம். உய்-சின்சோல் ரயிலின் கடைசி நிறுத்தமான புக்கான்சான் உய்யில் இறங்கினால் நடக்கிற தூரத்திலேயே சியோல் மலையேற்றச் சுற்றுலா மையம் இருக்கிறது, அங்கே ஷூ, ஜாக்கெட், ஊன்றுகோல் எல்லாம் குறைந்த வாடகைக்கே தருகிறார்கள், அடையாள அட்டை மட்டும் கையில் இருக்கட்டும்.

இந்த மலையின் 836 மீட்டர் உயரமுள்ள பேகுன்டே உச்சிக்குப் போகும் கடைசிப் பகுதி மொட்டைப் பாறை, இரும்பு வடத்தைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், அடி தேய்ந்த சாதாரண ஷூ அதில் கண்டிப்பாக வழுக்கும். கீழே செர்ரி பூத்திருக்கும் ஏப்ரலில்கூட மேலே காற்று நடுக்கும், அதனால் ஜாக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். அப்புறம், கொரியாவில் ஷூ அளவு மில்லிமீட்டரில்தான், 260, 270 என்று, பாதத்தை வீட்டிலேயே அளந்துவிட்டுப் போங்கள்.

திங்கட்கிழமை மையம் விடுமுறை. சோராக்சான், சிரிசான் போன்ற வேறு மலைகளுக்குப் போகிறவர்களுக்கு இது உதவாது, அங்கே காட்டுத்தீ பயத்தால் மே நடுப்பகுதி வரை பல பாதைகளையே மூடிவிடுவார்கள். மாதம் இரண்டு தடவை ஏறுபவர் என்றால் சொந்த ஷூதான் லாபம்.