தாத்தாவுக்கு இரண்டு அம்மா: கோயில் ஏடுகளில் முன்னோரைத் தேடுவது

பூர்வீக வீட்டுப் பட்டாவுக்காகத் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் தேவைப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்தில் அவர் பிறந்த பங்கில், அதாவது ஒரு சாமியார் பொறுப்பிலுள்ள கோயில் வட்டாரத்தில், எழுதிக் கொடுத்து வாங்கினேன். பெயர் சவரிமுத்து, தகப்பனார் ராயப்பன், பிறந்தது 1908. எல்லாம் சரி. தாயார் பெயர் மட்டும் மரியாள் என்று இருந்தது. ஆச்சி உயிரோடு இருந்தவரை தன் மாமியாரை 'அன்னம்மா அத்தை' என்றுதான் சொல்லுவாள்.

வீட்டில் ஆளுக்கொரு விளக்கம். இரண்டு பெயர் இருந்திருக்கும் என்றான் தம்பி. பூட்டன் இரண்டு கல்யாணம் கட்டியிருப்பார் என்று பெரியம்மா மகன் சொல்லப்போக, அது ஒரு சண்டையாகிவிட்டது. நான் உப்பளத்து ஆபீசில் 31 வருடம் கணக்கெழுதியவன். பேரேட்டில் ஒரு தொகை இடித்தால் உட்கார்ந்து விளக்கம் யோசிக்க மாட்டோம். குறிப்பேட்டைப் புரட்டுவோம், அதிலும் தீராவிட்டால் வவுச்சரை எடுப்போம். கோயில் சான்றிதழும் பேரேடு மாதிரிதான். யாரோ எதையோ பார்த்து எழுதியது. அந்த 'எதையோ'வை நாம் நேரில் பார்க்க வேண்டும்.

முதலில் எந்தக் கோயில் என்று தெரிய வேண்டும். ஊரில் இன்று பெரிய கோபுரத்தோடு நிற்கிற கோயில், தாத்தா காலத்தில் கிளைக் கிராமத்துக் குருசடியாக, சிலுவை வைத்த சின்ன ஆலயமாக, இருந்திருக்கலாம். அப்படியானால் அவர் ஞானஸ்நானம் தாய்ப் பங்கின் ஏட்டில் இருக்கும். ஆகவே ஊர் தனிப் பங்கானது எந்த வருடம் என்பதுதான் முதல் கேள்வி. மறைமாவட்டமும், அதாவது ஆயர் (பிஷப்) ஒருவரின் எல்லையும், மாறியிருக்கும். தூத்துக்குடி மறைமாவட்டமே 1923-இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது, கோட்டாறு 1930-இல் கொல்லத்திலிருந்து, பாளையங்கோட்டை 1973-இல் மதுரையிலிருந்து. கோவா வழி வந்த குருக்களும் மதுரை மிஷன் சேசு சபைக் குருக்களும் தனித்தனியாக அதிகாரம் செலுத்திய காலம் ஒன்று உண்டு. கடற்கரைப் பக்கத்தில் தேடுகிறவர்கள் ஒரு கோயில் ஏட்டில் பெயர் இல்லை என்று திரும்பிவிடாமல் மற்றதையும் கேட்பது நல்லது.

பாட்டன்மார் கத்தோலிக்கர் அல்லாமல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாக இருந்தாலும் வழி ஏறக்குறைய இதுதான். பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தையே அங்கிருந்துதான் எண்ணுகிறார்கள். கத்தோலிக்க ஏடுகளில் இருக்கிற லத்தீன் தொல்லை அவர்களுக்குக் கிடையாது, கொடுத்துவைத்தவர்கள்.

போகிற நாளையும் பார்த்துப் போக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், கொடியேற்றம் தொடங்கிய பத்து நாள், கல்யாண மாதம், இவையெல்லாம் ஆகாது. செவ்வாய் புதன் காலைப் பூசை முடிந்த நேரம் உத்தமம். ஏடு பொதுச் சொத்து இல்லை, காட்ட வேண்டும் என்று சாமியாருக்குக் கட்டாயமும் இல்லை. "எல்லாச் சவரிமுத்துவும் வேண்டும்" என்று போய் நிற்காமல், பெயர், ஊர், ஏறத்தாழ எந்த வருடம், எதற்காக என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளையிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள், ஏடு எந்த அலமாரியில் என்று அவருக்குத்தான் தெரியும். எனக்கு அனுமதி கிடைத்தது மூன்றாவது தடவை. செல்போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். பேனாவைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள். மை ஒரு சொட்டு விழுந்தால் போச்சு.

ஏட்டைத் திறந்ததும் பெயர் கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை. ஏட்டின் பெயர் அகரவரிசையில் சவரிமுத்து என்று யாருமே இல்லை. பழைய ஏடு லத்தீனில் இருக்கும், பெயரும் லத்தீனில்தான். சவரி என்றால் சவேரியார், அவர் ஏட்டில் 'சவேரியுஸ்', சில இடத்தில் 'ஃபிரான்சிஸ்குஸ் சவேரியுஸ்'. ராயப்பன் 'பேத்ருஸ்', சின்னப்பன் 'பவுலுஸ்', அருளப்பன் 'யொவான்னெஸ்', சூசை 'யோசேஃபுஸ்', இன்னாசி 'இக்னாசியுஸ்', சந்தியாகு 'யாகோபுஸ்'. சின்னப்பன் வீட்டில் கடைக்குட்டி என்று நினைத்துவிடாதீர்கள், பவுல் என்ற சொல்லுக்கே லத்தீனில் சிறியவர் என்றுதான் பொருள். வடக்கன்குளத்தில் 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு வைத்த பெயர் லாசரு. தேவசகாயம் என்பது அதன் தமிழ். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டாரே, அவரேதான். பெயரே தேதியும் சொல்லும். லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்தது 1858-இல். லூர்தம்மாள் என்றொரு பூட்டி 1840-இல் பிறந்ததாக யாராவது எழுதி வைத்திருந்தால் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிடலாம்.

லத்தீன் படிக்கத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம், பத்துச் சொல் போதும். 'பாப்திசாவி' என்றால் ஞானஸ்நானம் கொடுத்தேன். 'ஃபிலியுஸ்' மகன், 'ஃபிலியா' மகள். 'பாத்ரினுஸ்', 'மாத்ரினா' என்றால் ஞானத்தகப்பன், ஞானத்தாய். 'விதுவா' விதவை. 'செபுல்துஸ்' அடக்கம் செய்யப்பட்டான். பழைய கையெழுத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 7 என்ற எண்ணோடு 'ப்ரிஸ்' என்று ஒட்டியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் 'செப்தெம்' என்றால் ஏழு. அதே கணக்கில் 8 அக்டோபர், 10 டிசம்பர்.

கல்லறைக் கல்லும் வீட்டு வேதாகமமும் வேறு விதமாக ஏமாற்றும். கல்லில் கொல்லம் ஆண்டு இருந்தால் ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து ஆடி வரை 825 கூட்டிக்கொள்ளுங்கள். தாது வருஷம் என்று மட்டும் இருந்தால் அது பஞ்சம் தொடங்கிய 1876-ஆகவும் இருக்கலாம், 60 வருடம் கழித்து வந்த 1936-ஆகவும் இருக்கலாம். வேதாகமத்தின் முதல் தாளில் ஏழு பிள்ளைகளின் பிறந்த தேதியும் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தால், பிள்ளைகள் பிறக்கப் பிறக்க எழுதியதல்ல, பின்னால் யாரோ ஞாபகத்தில் எழுதியது. அந்தப் புத்தகம் அச்சான வருடத்தையும் பாருங்கள். பள்ளிக்கூடத்துத் தேதியைப் பற்றி என்ன சொல்ல? கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்ட காலம். வாத்தியார் போட்டதுதான் பிறந்த நாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 'சவேரியுஸ்' வரிசையில் 1908-இல் ஒருவர் இல்லை, இருவர். இருவருக்கும் தகப்பன் பேத்ருஸ். ஒரு பிள்ளையின் தாய் அன்னா, மற்றதின் தாய் மரியா. பிறப்பில் ஐந்து மாத வித்தியாசம். மரியாவின் பிள்ளைக்கு நேராக ஏட்டின் ஓரத்தில், 1931-இல் இன்னாரை மணந்தான் என்று ஆச்சியின் பெயரோடு குறிப்பு. 1908-இல் நடைமுறைக்கு வந்த ரோமாபுரி ஆணைப்படி, கல்யாணம் முடிந்ததும் அதை ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் குறிக்க வேண்டும். முன்னோரைத் தேடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. என் விஷயத்தில் அதுவே குழி. பங்கு ஆபீசில் அந்த ஓரக்குறிப்பைப் பார்த்துத்தான் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள். ஓரக்குறிப்பே சொல்லிவிட்டதே! ஆனால் அது 1908-இல் எழுதியதல்ல, 23 வருடம் கழித்து வேறொருவர் அகரவரிசையைப் பார்த்துச் சேர்த்தது. ஒரே பக்கத்தில் இருந்தாலும் இரண்டு சாட்சிகள், இரண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். ஆயர் இல்லத்தில் ஒரு பிரதி இருக்குமே என்று அங்கே ஓடினாலும் இதற்குப் பயன்படாது. 1917-ஆம் வருடத் திருச்சபைச் சட்டப்படி வருடக் கடைசியில் பங்கு ஏடுகளின் பிரதியை அங்கே அனுப்ப வேண்டியிருந்தது. பங்கில் ஏடு கரையான் அரித்துப் போயிருந்தால் அது தெய்வாதீனம். ஆனால் பிரதி சாட்சி ஆகாது, மூலத்தில் தப்பு என்றால் பிரதியிலும் அதே தப்பு.

அதனால் வேறு ஏடுகளைக் கேட்டேன். முதலில் அடக்க ஏடு. முன்னோரைத் தேடுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள், பிறந்தவர்களைத் தேடுகிற மும்முரத்தில் செத்தவர்களை யாரும் பார்ப்பதில்லை. 1912-ஆம் வருடப் பக்கத்தில் நாலாவது வரி: சவேரியுஸ், பேத்ருஸ்–மரியா மகன், வயது நான்கு. 1931-இல் கல்யாணமானதாக ஓரக்குறிப்பு இருக்கிற பிள்ளை 1912-இலேயே அடக்கமாகியிருக்கிறான்.

இதுவே போதும் என்று தோன்றும். போதாது. பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பது உண்டு. மரியாவுக்கு இன்னொரு சவரிமுத்து பிறந்திருக்கலாமே? அதனால் கல்யாண ஏட்டைத் திறந்தேன். அங்கே தாத்தா பெயருக்குக் கீழே, இரண்டாம் படி இரத்த உறவுத் தடைக்கு விலக்கு பெற்று மணம் முடித்தார்கள் என்று ஒரு வரி. நம்மில் அத்தை மகள், மாமன் மகளைக் கட்டுவது உரிமை. திருச்சபைக்கு அது தடை, ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும். வாங்கினால் எத்தனையாம் படி என்று எழுதுவார்கள். அந்தப் படி ஒரு சின்ன வம்சாவளி. பழைய கணக்கில் பொதுப் பாட்டனிலிருந்து ஒரு பக்கம் மட்டும் இறங்கி எண்ணுவார்கள். பாட்டனுக்குப் பிள்ளை ஒன்று, பேரன் இரண்டு. ஆக இரண்டாம் படி என்றால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பாட்டன் பாட்டி ஒன்று. அக்காள் மகளைக் கட்டியிருந்தால் ஒன்றைத் தொட்ட இரண்டு என்று இருக்கும். 1983-இல் வந்த புதுச் சட்டத்தில் இரண்டு பக்கமும் கூட்டுகிறார்கள், இதே உறவு அங்கே நாலாம் படி. ஏட்டின் வருடத்தைப் பார்க்காமல் படியை எண்ணினால் குடும்பமே மாறிவிடும்.

ஆச்சி தாத்தாவுக்கு அத்தை மகள் என்று வீட்டில் கேள்வி. அப்படியானால் ஆச்சியின் அம்மாவும் தாத்தாவின் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள். ஆச்சியின் அம்மாவுடைய கல்யாணப் பதிவில் அவள் யாகோபுஸ் மகள், அதாவது சந்தியாகு மகள். ராயப்பன்–அன்னம்மாள் கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை சந்தியாகு மகன். ராயப்பன்–மரியாள் பதிவில் மாப்பிள்ளை மிக்கேல் மகன். இரண்டு பெண்களும் இரண்டு ராயப்பன்களின் மனைவிகள். பூட்டன் பேரில் போட்ட சண்டை வீண்.

அப்புறம் கோயிலுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒன்று வேண்டும் என்று சார்பதிவாளர் ஆபீசில் பழைய கிரயப் பத்திரத்துக்கு நகல் மனு போட்டேன். பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கும், பூர்வீகச் சொத்து என்றால் பாட்டன் பெயரும் வரும். 'சந்தியாகு குமாரர் ராயப்பன், அவர் குமாரர் சவரிமுத்து' என்று நீட்டி முழக்கியிருந்தது. எழுதியவருக்கு ஞானஸ்நான ஏடு இருப்பதே தெரிந்திருக்காது. அதுதான் அதன் மதிப்பு.

நோட்டில் எழுதும் விதம் பற்றி ஒன்று. வலது பக்கம் ஏட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து, பிழையோடு. கூடவே எந்த ஏடு, எத்தனாம் பக்கம், பதிவு எண், பார்த்த தேதி. இடது பக்கம் நான் ஊகித்தது, பென்சிலில். 'சவேரியுஸ்' என்று இருந்தால் வலது பக்கம் சவேரியுஸ்தான், அது தாத்தா என்பது இடது பக்கத்துச் சங்கதி. இரண்டையும் கலந்தால் ஆறு மாதத்தில் எது படித்தது, எது நினைத்தது என்று நமக்கே தெரியாது.

எல்லா நகலையும் சாமியார் முன்னால் வைத்தேன். பழைய ஓரக்குறிப்பை அடிக்கவில்லை, அடிக்கவும் கூடாது. ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டு, அன்னம்மாளின் பிள்ளைக்கு நேராகப் புதுக் குறிப்பு எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சான்றிதழ் திருத்தி வாங்கியாயிற்று. பட்டாதான் இன்னும் வரவில்லை.