நிரலாக்க மொழிகளை வகைப்படுத்துவது எப்படி? நான்கு கேள்விகள் போதும்

சி, பைத்தான், ஜாவா, எஸ்கியூஎல் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும்போது எது எந்த வகை என்று குழம்புவது இயல்புதான். பாடப்புத்தகம் ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியில் அடைத்துக் காட்டும். நடைமுறையிலோ ஒரே மொழி பல பெட்டிகளில் கால் வைத்திருக்கும். எனவே பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக்கொண்டு, கையில் கிடைக்கும் மொழியிடம் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேளுங்கள்.

படி 1: பொறிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது?

ஐந்தையும் மூன்றையும் கூட்ட வேண்டும். இன்டெல் வகைச் செயலிக்கான (கணினியில் கட்டளைகளை நிறைவேற்றும் சில்லு) பொறி மொழியில், அதாவது 0, 1 மட்டுமே கொண்ட மொழியில், அது இப்படி இருக்கும்:

10110000 00000101
00000100 00000011

முதல் வரி 5-ஐ ஒரு பதிவகத்தில் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) வைக்கிறது. அடுத்த வரி அதனுடன் 3-ஐக் கூட்டுகிறது. வலப்பக்கத்து எட்டு இலக்கங்களைப் பாருங்கள்: 101 என்றால் 5, 11 என்றால் 3. இடப்பக்கத்தில் இருப்பது கட்டளை. அந்தக் கட்டளைகளுக்கு மூவ், ஆட் என்று பெயர் சூட்டி எழுதினால் அசெம்பிளி. இரண்டுமே கீழ்நிலை மொழிகள். வேறு வகைச் செயலிக்குப் போனால் நிரலையே திருப்பி எழுத வேண்டும்.

1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் போன்ற உயர்நிலை மொழிகளில், கணக்கு நோட்டில் எழுதுவதைப் போலவே 5 + 3 என்று எழுதலாம். சி மொழியும் உயர்நிலைதான். ஆனால் நினைவக முகவரிகளை நேரடியாகக் கையாள விடுவதால் அதை இடைநிலை என்பாரும் உண்டு. மொழிகளை முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று ஐந்து வரை எண்ணும் முறை தேர்வுக்கு உதவும். அதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

படி 2: பொறி மொழிக்கு மாற்றுவது யார்?

முழு நிரலையும் முன்கூட்டியே மாற்றித் தருவது கம்பைலர். ஓட்டும்போதே படித்துப் படித்துச் செயல்படுத்துவது இன்டர்பிரெட்டர். சி முதல் வகை, பைத்தான் இரண்டாம் வகை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பைத்தானில் ஒரு கோப்பு இன்னொரு கோப்பை இறக்குமதி செய்யும்படி எழுதி ஓட்டுங்கள். பக்கத்தில் ‘பைகேஷ்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை முளைத்திருக்கும். அதற்குள் இருப்பது பைட்கோடு, அதாவது கம்பைல் செய்யப்பட்ட இடைநிலை வடிவம். ஜாவாவும் பைட்கோடு வழியாகத்தான் போகிறது. இந்தக் கட்டத்தில் மொழியின் குணத்தைவிட, அதை ஓட்டும் மென்பொருளின் குணமே பதிவாகிறது.

படி 3: தரவினத்தை எப்போது, எவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கிறது?

ஒரு மதிப்பு எண்ணா, எழுத்துகளா என்பது போன்ற வகைதான் தரவினம். இங்கே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரித்துவிடுங்கள். சி, ஜாவா ஆகியவை ஓடுவதற்கு முன்பே சோதிக்கும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஓடும்போது சோதிக்கும். இது ‘எப்போது’.

‘எவ்வளவு கண்டிப்பு’ என்பதை அறிய, மேற்கோள் குறியிட்ட சரத்தையும் (எழுத்துகளின் தொடர்) எண்ணையும் மோதவிட்டுப் பாருங்கள்:

"5" + 3

பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் சற்றும் தயங்காமல் "53" என்று தரும். அதே மொழியில் "5" - 3 என்று கேட்டால் விடை 2! கூட்டலுக்கு எண்ணைச் சரமாக்குகிறது, கழித்தலுக்குச் சரத்தை எண்ணாக்குகிறது. இதை வசதி என்பவர்களும் இருக்கிறார்கள்; இரவில் பிழை தேடி உட்கார்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

படி 4: எந்தப் பாணியில் சிந்திக்க வைக்கிறது?

சி மொழியில் எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். எஸ்கியூஎல்-லில் ‘80-க்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களின் பெயர்களைக் கொடு’ என்று வேண்டியதைச் சொன்னால் போதும்; தேடும் வழியைத் தரவுத்தளமே பார்த்துக்கொள்ளும். ஜாவா பொருள்நோக்குப் பாணி (தரவையும் அதன் செயல்களையும் ஒரே பொருளாகக் கட்டுவது), ஹாஸ்கெல் செயற்கூற்றுப் பாணி (கணிதச் சார்புகளைக் கோப்பது), புரோலாக் தருக்கப் பாணி (உண்மைகளையும் விதிகளையும் தந்து விடை கேட்பது). பைத்தான் பல பாணிகளுக்கும் இடம் தரும். அத்தகைய மொழிகளுக்குக் கட்டத்தில் ஒன்றுக்கு மேல் எழுதத் தயங்காதீர்கள்.

படி 5: பயிற்சி

தமிழ்க் கட்டளைச் சொற்கள் கொண்ட எழில் மொழியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு வரி:

பதிப்பி 5 + 3

திரையில் 8 வரும். செயலியின் விவரம் எதுவும் தேவைப்படவில்லை, எனவே உயர்நிலை. பைத்தானில் எழுதப்பட்ட இன்டர்பிரெட்டர் அதை ஓட்டுகிறது. மாறிக்கு (மதிப்பை வைக்கும் பெயர்) தரவினம் அறிவிக்க வேண்டியதில்லை, சோதனை ஓடும்போதுதான். பாணி, படிப்படியாகக் கட்டளையிடுவது. நான்கு கட்டமும் நிரம்பிவிட்டன.

அடுத்து காட்லின் என்ற மொழியை நீங்களே எடுத்துப் பாருங்கள். அது ஜாவா பைட்கோடாகவும் மாறும், ஜாவாஸ்கிரிப்டாகவும் மாறும், நேரடியாகப் பொறி மொழியாகவும் மாறும். இரண்டாவது கட்டத்தைக் கொஞ்சம் அகலமாகவே போட்டுக்கொள்ளுங்கள்.