வெள்ளைக் கொக்கின் இறகு வெளுத்துப்போகாமல் எடுக்க

வேடந்தாங்கலில் எடுத்த கொக்குப் படங்களில் இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. குறை லென்ஸில் இல்லை. பின்னாலிருக்கும் கரும்பச்சை மரத்தைப் பார்த்து ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டர் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கூட்டிவிடுகிறது. அதே பறவை பறந்து வானத்துக்கு முன்னால் வந்ததும் குறைத்துவிடும். அதனால் எல்லா அளவையும் நாமே அமைக்கும் மேனுவல் மோடுதான் சரி. ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) கேமராவே மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓவையும் அணைத்துவிடுங்கள்.

காலை 8 மணி வெயிலில் ஷட்டர் வேகம் 1/2000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400-இல் தொடங்கி, திரையில் ஹைலைட் எச்சரிக்கை (வெளுத்துப்போன இடத்தைக் காட்டுவது) சிமிட்டுகிறதா என்று பாருங்கள். கொக்கின் முதுகில் சிமிட்டினால் ஐஎஸ்ஓ 320, பிறகு 250. மேகம் மறைத்தால் மறுபடி சரிபார்க்க வேண்டும். இதை மறந்தால் அதன்பிறகு எடுத்த அத்தனையும் இருண்டிருக்கும்.

கேமரா பதிவுசெய்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுப்பது கட்டாயம். ஜேபெக்கில் போன இறகு திரும்பாது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சானலும் நிரம்பிவிட்டால் ரா கோப்பிலும் வராது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஹைலைட்ஸ் -40, ஒயிட்ஸ் -15 போதும். -100 வரை இழுத்தால் வெள்ளை சாம்பல் பூத்து, அலசாத வேட்டி போலத் தெரியும். நாய்ஸைக் (படத்தில் தெரியும் புள்ளிகளை) குறைத்த பிறகே ஷார்ப்பனிங் (கூர்மையாக்குவது). விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷார்ப்பனிங் எங்கே படவேண்டும் என்று வரையறுக்கும் மாஸ்கிங்கை 70 வரை நகர்த்துங்கள்: கண், அலகு, இறகின் ஓரம் மட்டும் வெள்ளைக் கோடாக மிஞ்ச வேண்டும், பின்னணி முழுக் கறுப்பாக.