அவத்தைக் கோணத்தைக் கணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் இலத்திரனியல் பயிலும் மாணவர்கள், பின்னூட்டல் விரியலாக்கியின் இடமாற்றுச் சார்பிலிருந்து (வெளியீட்டுக்கும் உள்ளீட்டுக்குமுள்ள விகிதம்), வெளியீடு உள்ளீட்டை முந்தும் அல்லது பின்னடையும் அளவான அவத்தைக் கோணத்தைக் காணும்போது விடக்கூடிய தவறுகளுள் பெரும்பாலானவை சுற்றைப் பற்றியவையல்ல. சிக்கலெண்ணைக் கையாளும் விதத்தில் பிறப்பவை.

முதன்மையான தவறு, பகுதியெண்ணை முழுவதுமாக விரித்து, கற்பனைப் பகுதியை மெய்ப்பகுதியால் வகுத்து, அந்த விகிதத்தின் நேர்மாறு தாஞ்சனாகக் கணிகருவி காட்டுவதை அப்படியே விடையாக எழுதுவதாகும். கணிகருவி −90 பாகைக்கும் +90 பாகைக்கும் இடைப்பட்ட கோணத்தையே தரும். ஒரே மீடிறனில் மூன்று முனைவுகளை (பகுதியெண்ணைப் பூச்சியமாக்கும் புள்ளிகளை) கொண்ட, நேர் நயமுள்ள (நேர்க்குறிப் பெருக்கமுள்ள) விரியலாக்கியை எடுத்துக்கொள்வோம். அம்மீடிறனில் விரித்த பகுதியெண்ணின் மெய்ப்பகுதி −2, கற்பனைப் பகுதி +2. விகிதம் −1 ஆதலால் கணிகருவி −45 பாகை என்கிறது. பகுதியெண்ணின் கோணம் கழிக்கப்படுவதால் குறியை மாற்றினால் விடை +45 பாகை. மூன்று முனைவுகள் இருந்தும் வெளியீடு உள்ளீட்டை முந்துகிறதா? உண்மையில் அச்சிக்கலெண் இரண்டாம் கால்வட்டத்தில், 135 பாகையில் உள்ளது. சரியான விடை −135 பாகை. விரிக்காமல், காரணி ஒவ்வொன்றும் தரும் 45 பாகைப் பின்னடைவைக் கூட்டியிருந்தால் இக்குழப்பமே நேர்ந்திராது.

எந்தச் சார்பின் கோணத்தைக் காண்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். உறுதிநிலையைச் சோதிக்கத் தேவைப்படுவது மூடிய தடத்தின் சார்பன்று, தட நயமே, அதாவது பின்னூட்டல் தடத்தை ஒருமுறை சுற்றிவரும் சைகைக்குக் கிடைக்கும் பெருக்கமே. மேற்கூறிய விரியலாக்கியில் முனைவு மீடிறனின் 1.732 மடங்கில் ஒவ்வொரு காரணியும் 60 பாகை பின்னடைந்து, மொத்தம் −180 பாகையாகிறது. அங்கே பருமன் எட்டில் ஒரு பங்காகக் குறைவதால், தாழ் மீடிறனில் தட நயம் 8 ஐ எட்டினால் சுற்று அலையத் தொடங்கும். (கோயில் திருவிழாவில் ஒலிவாங்கி கீச்சிடுவதும் தட நயத்தின் வேலைதான், அங்கே தடம் காற்றினூடாக மூடுகிறது.) பின்னூட்டலை உள்ளீட்டிலிருந்து கழிக்கும் குறி தரும் 180 பாகையைத் தட நயத்துக்குள் மீண்டும் சேர்த்து இருமுறை எண்ணுவோரும் உளர்.

அலகுத் தவறு எளியது, ஆயினும் விடையை அடியோடு மாற்றும். முனைவு செக்கனுக்கு 10,000 ஆரையன் எனவும் மீடிறன் 1,000 ஏட்சு எனவும் தரப்பட்டால், விகிதம் 0.1 அன்று, 0.628, கோணம் 5.7 பாகையன்று, 32.1 பாகை.

பருமன் வரைபை மட்டும் பார்த்துக் கோணத்தை ஊகிப்பது ஆபத்தானது. சிக்கல் தளத்தின் வலப்பாதியிலுள்ள பூச்சியம் (சார்பின் தொகுதியெண் பூச்சியமாகும் புள்ளி) பருமனை ஏனைய பூச்சியங்களைப் போலவே உயர்த்தினாலும், அவத்தையை முனைவைப் போலப் பின்னடையச் செய்யும். ஆகவே காரணியின் குறியைச் சார்பிலேயே பார்த்து, அதன் கோணத்தைக் கூட்டாமல் கழிக்க வேண்டும்.