கடவுளுக்காக அறிவியலைச் சாட்சிக்கு அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அறிவியலே கடவுளை ஒப்புக்கொண்டுவிட்டது" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். "அறிவியல் கடவுளை எப்போதோ ஒழித்துக்கட்டியாயிற்று" என்று அதற்குக் கீழேயே யாராவது பதில் போடுவார். இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆய்வு சொன்னது ஓரளவு. இவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது அதைவிடப் பல மடங்கு.

பெருவெடிப்பை, அதாவது மிக அடர்ந்த, சூடான நிலையிலிருந்து பிரபஞ்சம் விரியத் தொடங்கியது என்ற கோட்பாட்டை, படைப்புக்கு அத்தாட்சியாகக் காட்டுவதுதான் இதில் பழைய வழக்கம். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸே இதைச் செய்தார். வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் பேசும்போது, பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற புதிய வானியல் "ஒளி தோன்றுக" என்ற பைபிளின் ஆதி வாக்குக்குச் சாட்சி சொல்வதுபோல் இருக்கிறது என்றார். இதைக் கேட்டு முதலில் மகிழ்ந்திருக்க வேண்டியவர் பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927ல் கணக்குப் போட்டுக் காட்டியவர், அது ஓர் "ஆதி அணு"விலிருந்து தொடங்கியது என்ற கருத்தை 1931ல் முன்வைத்தவர், அதற்கும் மேலாகக் கத்தோலிக்கப் பாதிரியார். ஆனால் அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது, நம்புகிறவரும் நம்பாதவரும் தத்தம் வழியில் போகலாம் என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்கள் முன் போப் பேசியபோது அந்த ஒப்பீடு இல்லை.

லெமைத்ர் தயங்கியது சரிதான் என்று நினைக்கிறேன். நம் சமன்பாடுகள் மிக ஆரம்பக் கணம் ஒன்றுவரை கொண்டுபோய் விடும். அதற்கு முன்னால் அவை வேலை செய்வதில்லை. "ஒன்றுமில்லாததிலிருந்து வந்தது" என்பது கோட்பாடு சொன்னதல்ல, நாம் ஒட்டவைத்தது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹோயில் நாத்திகர். பெருவெடிப்புக்கு "பிக் பேங்" என்று 1949ல் பிபிசி வானொலியில் பெயர் வைத்தவரே அவர்தான். தொடக்கமே இல்லாத பிரபஞ்சத்தைத் தூக்கிப்பிடிக்க அவரிடம் அறிவியல் காரணங்கள் இருந்தன. ஆனால் "தொடக்கம்" என்பதில் அடித்த மதவாசனையும் அவருக்கு ஒத்துவரவில்லை. 1965ல் பெருவெடிப்பின் மிச்சமான அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தபின் பெரும்பாலான வானியலாளர்கள் அவர் பக்கத்தை விட்டு நகர்ந்துவிட்டார்கள்.

அப்புறம், விடை தெரியாத இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் உட்காரவைப்பது. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் பாதைகள் மெல்லக் கெடும், அவ்வப்போது சீர்செய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் எழுதினார். சீர்செய்வது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. 1780களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லப்லாஸ் கணக்குப் போட்டார். வியாழன், சனி கோள்களின் தடுமாற்றம் சுமார் 900 ஆண்டுச் சுழற்சி, தானாகவே திரும்பிவிடும் என்று தெரிந்தது. அந்த நாற்காலி காலி. பக்தருக்கே நஷ்டமான வாதம் இது.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்தது ஜெனீவா பக்கத்து செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தின் நடராசர். சிலை இருப்பது உண்மை: இரண்டு மீட்டர் உயரம், இந்திய அரசு பரிசாகக் கொடுத்தது, 2004 ஜூனில் திறந்தார்கள். அணுத்துகள்களின் ஓயாத ஆட்டத்துக்குத் தில்லைக் கூத்தனைவிட நல்ல உருவகம் கிடைக்காது. ஆனால் பரிசாக வந்த சிலை ஆய்வு முடிவாகிவிடாது. 2012 ஜூலையில் அதே ஆய்வகம் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளை அறிவித்தபோது நம் நாளிதழ்கள் "கடவுள் துகள்" என்று எழுதின. அது இயற்பியலாளர் லியோன் லெடர்மன் 1993ல் தன் நூலுக்கு வைத்த தலைப்பிலிருந்து பரவிய பெயர். அந்தத் துகளை முன்கூட்டியே கணித்த நாத்திகர் பீட்டர் ஹிக்ஸுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை.

பெரிய விஞ்ஞானியின் பெயரைச் சொல்லி வாதத்தை முடிப்பதும் எடுபடாது. ஐன்ஸ்டைனை இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். 1929ல் அவர் அனுப்பிய தந்தியில், உலகின் ஒழுங்கில் வெளிப்படும், தத்துவ அறிஞர் ஸ்பினோசாவின் கடவுளை நம்புவதாகச் சொன்னார். மனிதர்களின் விதியில் தலையிடும் கடவுளை அல்ல. வேண்டுதலுக்குச் செவிசாய்க்கும் சாமியை நம்புகிறவருக்கு இதில் என்ன ஆதாயம்? 1979ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த இஸ்லாமிய நம்பிக்கையாளர், ஸ்டீவன் வைன்பர்க் வெளிப்படையான நாத்திகர். இருவரும் தனித்தனியாக வந்து சேர்ந்தது ஒரே கோட்பாட்டுக்கு.

பிரார்த்தனையையே சோதித்துப் பார்த்தார்கள். 2006ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 1,802 பைபாஸ் நோயாளிகள். பிரார்த்தனை உண்டா இல்லையா என்று தெரியாதவர்களில், அது நடந்த குழுவில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது; நடக்காத குழுவில் 51. நிச்சயம் உண்டு என்று தெரிந்தவர்களில் 59. நாத்திகர்கள் இதை வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் பிரார்த்தனை செய்தவர்கள் நோயாளிகளுக்கு முன்பின் தெரியாதவர்கள். நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டும் கொடுக்கப்பட்டு, 14 நாள் வேண்டினார்கள். "பிரார்த்தனை இல்லாத குழு" நோயாளிக்காக அவருடைய வீட்டில் வேண்டிக்கொண்டதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. அந்நியர்களின் பிரார்த்தனை அறுவை சிகிச்சைச் சிக்கல்களைக் குறைத்ததற்கு அடையாளம் இல்லை. அந்த ஆய்வு சொன்னது இவ்வளவுதான்.