ஆக்சாலிப்ளாட்டின் ஏறிய பிறகு: குளிரும் மரத்துப்போதலும்

ஆக்சாலிப்ளாட்டின் டிரிப் முடிந்து வீடு திரும்பியதும், ஃப்ரிட்ஜைத் திறக்கும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். பெருங்குடல் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் இந்தக் கீமோ மருந்து நரம்புகளைக் குளிருக்குக் கூசவைக்கும். டிரிப் ஓடும்போதே தொடங்கலாம். இல்லாவிட்டால் ஓரிரு நாளில் தெரியும். விரல் நுனி, பாதம், உதட்டோரம் எல்லாம் சுருக்சுருக்கென்று குத்தும். தாடை இறுகலாம். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும், அடுத்த டோஸில் திரும்ப வரும்.

டிரிப்புக்கு முன்பே வீட்டைத் தயார் செய்துகொள்வது நல்லது. ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் ஒரு ஜோடி கையுறை தொங்கட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது காலுறை, மூக்கையும் வாயையும் மூட ஒரு துணி, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப்போங்கள். முதல் ஐந்து நாட்களாவது குடிக்கவும் கை கழுவவும் வெதுவெதுப்பான நீர்தான். ஃப்ரிட்ஜில் இருந்த எதையும் வெளியே வைத்துக் குளிர் போன பிறகே சாப்பிட வேண்டும். ஏசி காற்று முகத்தில் நேராகப் படக்கூடாது. பலர் மறப்பது உலோகத்தை: காலையில் தொடும் கதவுத் தாழ்ப்பாள், குழாய், பாத்திரம் எல்லாமே குத்தும்.

குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் குடித்ததும் தொண்டை அடைத்து, மூச்சே வரவில்லை என்று தோன்றலாம். பயமுறுத்தும் அனுபவம்தான். தொண்டை நரம்பின் கூச்சமாக இருந்தால் காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, இரு கைகளையும் மூக்கின் மேல் குவித்து அந்தச் சூடான காற்றை இழுங்கள். வெந்நீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஆனால் உடம்பில் தடிப்பு, அரிப்பு, நாக்கு வீக்கம், மூச்சு இழுப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலோ, மூச்சுத் திணறல் தணியாவிட்டாலோ அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். தொண்டைக் கூச்சம் வந்ததை மருத்துவரிடம் சொன்னால், வழக்கமாக 2 மணி நேரத்தில் ஏற்றும் டிரிப்பை அடுத்த முறை 6 மணி நேரத்துக்கு நீட்டிப் பார்ப்பார்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரர் வாயில் ஐஸ் கட்டி வைத்திருப்பார், இன்னொருவர் ஐஸ் கையுறை போட்டிருப்பார். அது அவர்களின் மருந்துக்கு. ஆக்சாலிப்ளாட்டின் ஏறுபவர் அதைப் பார்த்துச் செய்யக்கூடாது. ஊசி போட்ட கையில் வலித்தாலும் ஐஸ் வேண்டாம். எரிச்சலோ வீக்கமோ இருந்தால் மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே கசிகிறதா என்று பார்க்க நர்ஸை அப்போதே கூப்பிடுங்கள்.

போகாத மரப்பு

குளிரில் வந்து போகும் கூச்சத்தைவிட நாம் கவலைப்பட வேண்டியது, குளிர் இல்லாமலேயே தங்கிவிடும் மரப்பைத்தான். மருந்து டோஸுக்கு டோஸ் சேர்ந்து நரம்பைப் பாதிக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 85 மில்லிகிராம் என்ற கணக்கில் பெறுபவருக்கு ஒன்பது, பத்து டோஸில் அது சதுர மீட்டருக்கு மொத்தம் 800 மில்லிகிராமை நெருங்கும். அந்த அளவில்தான் பலருக்கு இது வெளிப்படையாகத் தெரியவரும். அதற்கு முன்பே வருபவர்களும் உண்டு.

ஒவ்வொரு டோஸுக்கும் முந்தின நாள் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பொத்தான் நான்கைப் போடுங்கள். மேசையில் கிடக்கும் நாணயத்தை நகத்தால் நெம்பாமல் விரல் நுனியால் எடுங்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுங்கள். போன முறையைவிடத் தடுமாறினால், அல்லது அடுத்த டோஸ் வரும் நாள்வரை மரப்பு விடவே இல்லையென்றால், டிரிப் ஏறுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மருந்தைக் குறைத்துவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் மறைப்பவர்கள் ஏராளம். டோஸைக் குறைப்பதும், இதை மட்டும் நிறுத்தி மற்ற மருந்துகளைத் தொடர்வதும் மருத்துவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதங்களுக்கு மரப்பு கூடிக்கொண்டே போகலாம்.

வலியும் எரிச்சலும் இருந்தால் டியூலாக்செடின் மாத்திரை சிலருக்கு உதவும். வெறும் மரப்பு அதனால் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நரம்புக்கு நல்லது என்று வைட்டமின் மாத்திரைகளை நீங்களாகத் தொடங்காதீர்கள். பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கை மரத்திருக்கும்போது குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். இரவில் ஒரு கண்ணாடி வைத்து உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். வலி தெரியாத காயம்தான் சீழ் பிடிக்கும்வரை கவனிக்கப்படாமல் போகும்.

மற்றவை

வாந்தி மாத்திரையைக் குமட்டல் வரும்வரை காத்திருக்காமல், எழுதிக்கொடுத்த நேரத்துக்கே போடுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் ஒன்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும் என்பதை நினைவில் வையுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால், மருத்துவர் அனுமதித்திருந்தால், முதலில் லோபெரமைடு 4 மில்லிகிராம், பிறகு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போனதும் 2 மில்லிகிராம்; ஒரு நாளில் 16 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் லோபெரமைடு போடாமல் மருத்துவமனையை அழையுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்கலாம், ஃப்ரிட்ஜில் வைத்ததை மட்டும் அப்படியே குடிக்காதீர்கள்.

ஒவ்வாமை முதல் டோஸில்தான் வரும் என்பதில்லை. ஐந்தாறு முறை சரியாக ஏறிய பிறகும் வரலாம். டிரிப் ஓடும்போது உள்ளங்கை அரித்தால், முகம் சிவந்து சூடானால், "சின்ன விஷயம்தானே" என்று இருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். டிரிப் முடிந்து 48 மணி நேரம்வரை கழிவறையை மூடி போட்டு இருமுறை ஃபிளஷ் செய்யுங்கள். வாந்தியைத் துடைப்பவர் கையுறை போடட்டும்.

டோஸுக்குப் பிறகு ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் கீழே இறங்கியிருக்கும். வெப்பநிலை 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழைக்க வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. தெர்மோமீட்டர் வைத்துப் பார்க்கும் முன் பாரசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்து தொற்று உள்ளே வளரும். போனில் முதலில் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: மருந்தின் பெயர், கடைசி டிரிப் ஏறிய தேதி, இப்போது காட்டும் வெப்பநிலை.