‘டிஸ்’ விழுந்தால் நோயே மாறிவிடும்: செல்லுலைட்டிஸ் பற்றிய தவறுகள்

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண் அவர். கடலடிக் கல் காலைக் கிழித்த மூன்றாம் நாள், கணுக்காலுக்கு மேலே சிவந்து, தொட்டால் சுட்டது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. மருத்துவர் சீட்டில் எழுதிய பெயரைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அவருடைய மகன் வந்தான். “அண்ணன், இது கொழுப்பு சம்பந்தப்பட்டது என்று போட்டிருக்கிறதே, அம்மா உடம்பில் கொழுப்பு எங்கே இருக்கிறது? மாத்திரையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாமா?”

அவன் தேடியது செல்லுலைட். சீட்டில் இருந்தது செல்லுலைட்டிஸ். முதலாவது, தொடையிலும் இடுப்பிலும் தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாகத் தெரிவது. அது நோயே அல்ல. இரண்டாவது, தோலின் ஆழத்திலும் அதற்கடியில் உள்ள கொழுப்புத் திசுவிலும் பாக்டீரியா புகுந்து பரவுவது. அதற்கு அன்றே மருந்து தொடங்க வேண்டும். சொல்லின் வால் அறுந்ததில் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது முன்பாதியில் இரண்டு ‘எல்’, அடுத்து ‘யு’, அதன்பின் ஒரே ஒரு ‘எல்’. முடிவு ‘ஐ, டி, ஐ, எஸ்’. ‘யு, எஸ்’ என்று முடிப்பதைப் பல சீட்டுகளில் பார்க்கிறேன், அது பிழை. அந்த முடிவு கிரேக்கத்திலிருந்து வந்தது, அழற்சி என்று பொருள். ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி, ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி என்பதோடு சேர்த்து நினைத்துக்கொண்டால் எழுத்து தப்பாது. தமிழில் செல்லுலிடிஸ் என்றும் எழுதுகிறார்கள்; அதனால் கேடில்லை. ‘டிஸ்’ இல்லாமல் விடுவதுதான் கேடு.

இதை ‘உயிரணு அழற்சி’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்பதில்லை. லத்தீனில் ‘செல்லுலா’ என்றால் சிற்றறை. தோலுக்கடியில் சிறுசிறு அறைகளாகத் தெரியும் தளர்ந்த திசுவை அந்தக் கால மருத்துவர்கள் அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஆகவே ‘தோலடித் திசு அழற்சி’ என்பதே பொருந்தும்.

எங்கள் கரையில் காலில் சிவப்பு கண்டதும் ‘அக்கி’ என்று சொல்லிக் காவி பூசுவார்கள். அக்கி வைரஸால் வருவது, பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் போடும். காவி பூசினால் செல்லுலைட்டிஸ் குணமாகாது. சிவப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதையும் அது மறைத்துவிடும். யானைக்கால் என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. யானைக்கால் வீக்கம் உள்ள காலில்தான் இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வரும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் சிவந்தால் பெரும்பாலும் காரணம் வேறு. அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

“டி.டி. ஊசி போட்டாயிற்று” என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அது ரண ஜன்னிக்கான காப்பு மட்டுமே, செல்லுலைட்டிஸைத் தொடாது. வழக்கமாக இதற்குக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள். கடல்நீரில் பட்ட காயமென்றால் விப்ரியோ வகைக் கிருமியும் இருக்கலாம், அதற்கு மருந்து வேறுபடும். எனவே திருக்கை முள், கெளுத்தி முள், நண்டுக் கொடுக்கு, கடல் கல் என்று எது கிழித்தது, எப்போது கிழித்தது என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்தப் பையனிடம் மாத்திரையோடு ஒரு பேனாவையும் கொடுத்தேன். சிவப்பு முடியும் விளிம்பில் கோடு போடு, பக்கத்தில் நேரத்தை எழுது, காலைத் தலையணை மேல் உயர்த்தி வை என்றேன். மருந்து தொடங்கிய முதல் நாளில் சிவப்பு சற்றே கூடித் தெரிவதுண்டு. இரண்டு நாள் கழிந்தும் கோட்டைத் தாண்டினால் திரும்பப் போக வேண்டும். கோடு அழியுமே என்று கழுவாமல் விடக் கூடாது. அழிந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். வீக்கம் குறைந்ததும் மீதி மாத்திரையை அலமாரியில் போட்டுவைப்பதும் கூடாது.

காயத்தின் அளவுக்கு மீறிய கடும் வலி, கருநீலக் கொப்புளம், குளிர்காய்ச்சல், பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. தொற்று தசையுறை வரை இறங்கித் திசுவை அழுகச் செய்திருக்கலாம். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் போவதற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

மூன்றாம் நாள் பையன் வந்து கைபேசியில் படம் காட்டினான். நீல மைக்கோட்டுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. படத்தின் கீழே ‘செல்லுலைட்டிஸ்’ என்று ‘டிஸ்’ விடாமல் எழுதி வைத்திருந்தான்.